ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ: டாலி எழுதியது, விட்னி பாடியது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலப் பாட்டே கேட்காதவர்கள்கூட ‘அண்ட் ஐய்ய்ய்’ என்று இழுக்கும் அந்த ஒரு வரியை எங்காவது கேட்டிருப்பார்கள். பாட்டுப் போட்டிகளில், கரோக்கியில், காமெடி ஷோக்களில் அது அத்தனை தடவை வந்தாயிற்று. அந்தப் பாட்டின் பின்கதையை நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இது விட்னி ஹூஸ்டனின் சொந்தப் பாட்டு இல்லையா?

இல்லை. எழுதி, மெட்டமைத்து, முதலில் பாடியவர் டாலி பார்ட்டன். எழுதியது 1973இல், வெளிவந்தது 1974இல். அமெரிக்க பாப் பாடகியான விட்னி பாடியது 1992இல், தான் நாயகியாக நடித்த ‘தி பாடிகார்ட்’ படத்துக்காக. இரண்டுக்கும் நடுவில் பதினெட்டு வருடம். ஒருவர் ஏற்கெனவே வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் பாணியில் புதிதாகப் பாடிப் பதிவு செய்வதைத்தான் ‘கவர்’ என்கிறார்கள். நம்மூர் ரீமிக்ஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதில் பழைய ஒலிப்பதிவின் ஒரு துணுக்குகூட இருக்காது. பாட்டு மட்டும்தான் பழசு.

டாலி பார்ட்டன் யார்?

அமெரிக்கக் கிராமப்புறங்களில் வளர்ந்த கன்ட்ரி இசையின் பெரிய தலை. 1946இல் டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில், பன்னிரண்டு பிள்ளைகள் இருந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கூலியாக அப்பா ஒரு மூட்டை சோள மாவு கொடுத்ததாக அவரே பல மேடைகளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். 1964இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே, கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரத்துக்குப் பஸ் ஏறினார். உயரமான விக், ஜிகினா உடை, கணீரென்ற குரல். அந்த விக்கைப் பார்த்துவிட்டு ஆளைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் நிறைய. வியாபாரத்தில் அவரை ஏமாற்றியவர்கள் ரொம்பக் குறைவு. இந்தப் பாட்டின் கதையில் அது முக்கியம், பின்னால் வருகிறேன்.

பாட்டை யாருக்காக எழுதினார்? காதலனுக்கா?

முதலாளிக்கு. கேட்டதும் பலருக்குச் சப்பென்று ஆகிவிடும். முழுக்கதையையும் கேட்டால் அப்படித் தோன்றாது.

போர்ட்டர் வேகனர் என்று ஒரு கன்ட்ரி பாடகர். கண்ணைப் பறிக்கும் கல் வைத்த கோட்டு போட்டுக்கொண்டு, தன் பெயரிலேயே வாராந்திர டிவி நிகழ்ச்சி நடத்தியவர். 1967இல் அந்த நிகழ்ச்சியின் பாடகி நார்மா ஜீன் விலகியபோது, அந்த இடத்துக்கு யாரென்றே தெரியாத இருபத்தோரு வயது டாலியைக் கொண்டுவந்தார். ஆரம்பத்தில் ரசிகர்கள் ‘நார்மா ஜீன் எங்கே’ என்று கத்தினார்கள். போர்ட்டர் விடாமல் டாலியோடு ஜோடிப் பாட்டு பாடினார், ரெக்கார்ட் கம்பெனியில் சேர்த்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து பாடிய ரெக்கார்டுகள் வரிசையாக ஹிட் ஆயின.

டாலி முதலிலேயே ஐந்து வருடம் இருக்கிறேன் என்றுதான் சொல்லிச் சேர்ந்தார். ஐந்து முடிந்தது, ஆறு நடந்தது. தனியாகப் போக வேண்டும், சொந்தக் குழு வைக்க வேண்டும் என்று டாலி கேட்பதும், போர்ட்டர் முடியாது என்பதும், இரண்டு பேரும் சண்டை போடுவதும் வழக்கமாகிவிட்டது. இரண்டு பேருமே பிடிவாதக்காரர்கள். பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் டாலி வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதினார். மறுநாள் காலை போர்ட்டரின் அலுவலகத்தில் அவரை உட்கார வைத்து, கிட்டாரோடு பாடிக் காட்டினார். டாலி சொல்லும் கதைப்படி, போர்ட்டர் அழுதுவிட்டார். நீ எழுதியதிலேயே இதுதான் நல்ல பாட்டு, போய்க்கொள், ஆனால் இந்த ரெக்கார்டை நான்தான் தயாரிப்பேன் என்றாராம்.

வேலையை விடுகிறேன் என்பதை இதைவிட அழகாக யாரும் எழுதிக் கொடுத்ததில்லை.

அப்படியானால் கல்யாணத்தில் போடலாமா?

போடுகிறார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு ரிசப்ஷனில், மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும் நேரம் பார்த்து கீபோர்டு வாசிக்கிறவர் இதைத்தான் எடுத்துவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டின் முதல் வரியிலேயே, நான் இங்கே இருந்தால் உனக்கு இடைஞ்சல்தான், அதனால் போகிறேன் என்று வருகிறது. நடுவில், உனக்கு ஏற்றவள் நான் இல்லை என்பது நம் இருவருக்குமே தெரியும் என்று வருகிறது. மெட்டு அழகாக இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள். அர்த்தம் தெரிந்த ஒரு மாமா கூட்டத்தில் இருந்தால் அவர் முகத்தை மட்டும் பார்க்க வேண்டாம்.

டாலியின் முதல் பதிவு எப்படி இருக்கும்?

1973 ஜூன் மாதம், நாஷ்வில்லில் ஆர்சிஏ ஸ்டூடியோ ‘பி’யில் பதிவானது. மூன்று நிமிடம்கூட இல்லை. மெதுவான கிட்டார், பின்னால் மெலிதான கோரஸ், அதற்கு முன்னால் டாலியின் குரல். எங்கேயும் உச்சஸ்தாயிக்குப் போக மாட்டார். தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல் விஷயத்தைச் சொல்வது போல இருக்கும்.

முக்கியமானது மூன்றாவது சரணம். அதை அவர் பாடவில்லை, பேசுகிறார். வாழ்க்கை உன்னிடம் அன்பாக நடந்துகொள்ளட்டும், நீ கனவு கண்டதெல்லாம் கிடைக்கட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உனக்கு அன்பு கிடைக்கட்டும் என்று வாழ்த்துவதுதான் அந்தச் சரணம். பழைய கன்ட்ரி பாட்டுகளில் இப்படி நடுவில் வசனமாகப் பேசுவது சகஜம். கோபத்தோடு பிரிகிற ஒருவரை அந்த வேளையிலும் வாழ்த்துகிற இந்த இடம்தான் பாட்டின் உயிர். இந்தச் சரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்ட் 1974இல் வந்தது. ஜூன் மாதம் கன்ட்ரி பாட்டுகளின் ஹிட் பட்டியலில் முதலிடம். பொதுவான பாப் ரசிகர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

‘ஜோலீன்’ பாட்டையும் இதையும் ஒரே நாளில் எழுதினார் என்பது உண்மையா?

அந்தக் காலத்தில் அவர் மனதில் வருவதைக் கேசட்டில் பாடி வைப்பார். பழைய கேசட் ஒன்றில் இரண்டு பாட்டுகளும் ஒன்றாக இருந்ததை வைத்து, ஒரே நாளில் எழுதியிருக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் ஆதாரம். இரண்டும் ‘ஜோலீன்’ என்ற ஒரே ஆல்பத்தில்தான் வந்தன.

எல்விஸ் பிரெஸ்லி பாட வேண்டிய பாட்டாமே?

ஆமாம், நூலிழையில் தவறியது. எல்விஸுக்குப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது, பதிவு செய்ய ஏற்பாடும் ஆகிவிட்டது. டாலி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பதிவுக்கு முந்தைய நாள் எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் போன் செய்தார். எல்விஸ் பாடும் பாட்டு என்றால் பப்ளிஷிங் உரிமையில் பாதியை எங்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்றார்.

பப்ளிஷிங் உரிமை என்றால் என்ன? ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று ஒலிப்பதிவு, அது பெரும்பாலும் ரெக்கார்ட் கம்பெனியிடம் இருக்கும். இன்னொன்று பாட்டு என்ற படைப்பு, அதாவது வரியும் மெட்டும். இந்த இரண்டாவது சொத்தை வைத்திருப்பவருக்கு, யார் பாடினாலும், எங்கே ஒலித்தாலும் காசு வரும். டாலி அதைத் தன் சொந்த பப்ளிஷிங் கம்பெனியிலேயே வைத்திருந்தார். அந்தக் காலத்தில், அதுவும் இருபத்தெட்டு வயதுப் பெண், இப்படி வைத்திருந்தது சாதாரணமில்லை.

எல்விஸ் பாடினால் கிடைக்கும் புகழ் எவ்வளவு என்று டாலிக்குத் தெரியாதா? தெரியும். பாட்டு ஏற்கெனவே முதலிடம் வந்துவிட்டது, குடும்பத்துக்கென்று நான் சேர்த்து வைக்கும் சொத்து இது, தர முடியாது என்று சொல்லிவிட்டார். அன்று இரவு முழுக்க அழுதேன் என்று பின்னாளில் பல பேட்டிகளில் சொன்னார். அழுதுகொண்டே ‘முடியாது’ என்றாரே, அதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம். விட்னி பாடியதற்கு வந்த பணத்தில் எல்விஸின் கிரேஸ்லேண்ட் மாளிகையையே வாங்கியிருக்கலாம் என்று பிறகு ஜோக்கும் அடித்தார்.

விவாகரத்து அன்று எல்விஸ் இதை மனைவி பிரிசில்லாவுக்குப் பாடிக் காட்டினாராமே?

பிரிசில்லாவே தன்னிடம் சொன்னதாக டாலி சொல்லியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது. எல்விஸ் விவாகரத்து முடிந்தது 1973 அக்டோபரில். டாலியின் ரெக்கார்ட் கடைக்கு வந்தது 1974இல். நான் இதை நல்ல கதை என்ற கணக்கில் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

டாலி இதே பாட்டில் இரண்டு முறை நம்பர் ஒன் வந்தாரா?

வந்தார். 1982இல் அவர் நடித்த ‘தி பெஸ்ட் லிட்டில் ஹோர்ஹவுஸ் இன் டெக்சாஸ்’ படத்துக்காக மறுபடி பாடிப் பதிவு செய்தார். அதுவும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். ஒரே பாட்டை இரண்டு முறை அங்கே முதலிடத்துக்குக் கொண்டுபோன முதல் ஆள் அவர்தான். நடுவில் 1975இல் லிண்டா ரான்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பாடகி இதற்கு ஒரு கவர் பாடினார். பெரிய ஹிட் இல்லை. ஆனால் விட்னியின் பாட்டுக்கு வழி போட்டது அதுதான்.

விட்னியின் கைக்கு எப்படி வந்தது?

தற்செயலாக. ‘தி பாடிகார்ட்’ கதை, ஒரு பெரிய பாடகிக்கும் அவளுடைய மெய்க்காப்பாளனுக்கும் இடையிலானது. கடைசியில் இருவரும் பிரிகிறார்கள். அந்த இடத்துக்கு ஜிம்மி ரஃபின் 1966இல் பாடிய ‘வாட் பிகம்ஸ் ஆஃப் தி ப்ரோக்கன்ஹார்ட்டட்’ பாட்டைப் போடுவதாகத் திட்டம். பார்த்தால், அதே பாட்டின் புதிய வடிவம் 1991இல் வந்த ‘ஃப்ரைட் க்ரீன் டொமேட்டோஸ்’ படத்துக்குப் போய்விட்டது. கடைசி நேரத்தில் வேறு பாட்டு தேட வேண்டிய நிலை.

அப்போது படத்தின் நாயகனும் தயாரிப்பாளர்களில் ஒருவருமான கெவின் காஸ்ட்னர், லிண்டா ரான்ஸ்டாட் பாடிய ரெக்கார்டைக் கொண்டுவந்தார். பாப், சோல் பாடும் கறுப்பினப் பாடகிக்கு ஒரு கன்ட்ரி பாட்டா என்று முதலில் பலருக்குத் தயக்கம். படத்திலேயே இதற்கு ஒரு சின்ன வேடிக்கை வைத்திருக்கிறார்கள். நாயகனும் நாயகியும் ஒரு பாரில் ஆடும்போது பின்னால் இதே பாட்டு ஆண்குரலில் கன்ட்ரி பாணியில் ஓடும். பாடியவர் ஜான் டோ. அந்த இடத்தில் நாயகி பாட்டைக் கிண்டல் செய்கிறாள். கடைசியில் அதையே அவள் மேடையில் பாடுகிறாள். அடுத்த முறை படம் பார்த்தால் அந்த பார் காட்சியில் காதைக் கொடுங்கள்.

ஏதோ ஒரு சரணம் காணாமல் போன கதை என்கிறார்களே?

நான் நினைவில் வைக்கச் சொன்ன சரணம்தான். விட்னியின் பாட்டைத் தயாரித்த டேவிட் ஃபாஸ்டர், ரான்ஸ்டாட்டின் பதிவை மாதிரியாக வைத்துக்கொண்டுதான் இசை அமைத்தார். ரான்ஸ்டாட் அதில் கடைசிச் சரணத்தைப் பாடவில்லை. விஷயம் தெரிந்ததும் டாலி போனில் ஃபாஸ்டரிடம், அதில் ஒரு சரணம் இல்லை, அது இல்லாமல் பாட்டு முழுமையாகாது என்று சொல்லி, வரிகளையும் கொடுத்தார்.

இப்போது விட்னியின் பதிவைப் போட்டுக் கேளுங்கள். முதல் சரணம், பல்லவி, இரண்டாம் சரணம், பல்லவி. அப்புறம் கிர்க் வேலம் வாசிக்கும் சாக்ஸஃபோன். அது அடங்கியதும் மூன்றாம் சரணம், வாழ்த்து. டாலி பேசிய அதே வரிகளை விட்னி இங்கே பாடுகிறார், கிட்டத்தட்டத் தாலாட்டு மாதிரி. அதன் கடைசிச் சொல்லில் எல்லாம் நின்றுபோகிறது. ஒரு மூச்சு இடைவெளி. ‘டும்’ என்று ஒரே ஒரு டிரம் அடி. உடனே ‘அண்ட் ஐய்ய்ய்’.

உலகமே மிமிக்ரி செய்யும் அந்த நொடிக்கு முன்னால் அந்த மென்மையான வாழ்த்து இருப்பதால்தான் அந்த அடி அப்படி விழுகிறது. சரணம் போனில் திரும்பி வந்திருக்காவிட்டால் அந்த இடமே பாட்டில் இருந்திருக்காது. கவர் என்றதும் பாடினவரைத்தான் பேசுவோம். இந்தக் கவரின் உச்சத்தில் எழுதினவரின் கையும் இருக்கிறது.

அந்த டிரம் அடிக்குப் பிறகு என்ன நடக்கிறது? ஏன் புல்லரிக்கிறது?

சுருதி ஏறுகிறது. நம்மூர் ஆர்மோனியக் கணக்கில் சொன்னால், அதுவரை 6 கட்டையில் போன பாட்டு அந்த அடியோடு 7 கட்டைக்குப் போகிறது. மெட்டு அதேதான். காதுக்கு மட்டும் தரை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கும். சுருதியை ஏற்றிக் கடைசிப் பல்லவி பாடுவது அக்கால பாப் பாட்டுகளில் சாதாரண உத்தி, பல பாட்டுகளில் மலிவாகக்கூடத் தெரியும். இங்கே அதைக் காப்பாற்றுவது அதற்கு முந்தைய மௌனம்.

இன்னொன்று, ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்தில் அவர் போடும் சங்கதிகள். விட்னியின் அம்மா சிஸ்ஸி ஹூஸ்டன் பேர்பெற்ற காஸ்பெல் பாடகி, அதாவது சர்ச் பக்திப் பாட்டுகள் பாடுபவர். நியூவார்க் நகரில் நியூ ஹோப் பாப்டிஸ்ட் சர்ச்சின் பாடகர் குழுவில் வளர்ந்தவர் விட்னி. சர்ச்சில் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும் பழக்கம் அங்கிருந்து வந்தது. கரோக்கியில் பலர் விழுவது உச்சஸ்தாயியில் இல்லை, இந்த வளைவுகளில்தான். விட்னி ஒவ்வொரு வளைவையும் ஒரே மூச்சில் ஒட்டிக் கொண்டுபோவார். மற்றவர்கள் படிக்கட்டு ஏறுகிற மாதிரி ஏறுவார்கள்.

ஆரம்பத்தில் ஏன் வாத்தியமே இல்லை?

காஸ்ட்னரின் பிடிவாதம். நாயகி அந்த மெய்க்காப்பாளனை எவ்வளவு நேசிக்கிறாள் என்று காட்ட, துணைக்கு இசைகூட வைத்துக்கொள்ளாமல் பாட வேண்டும் என்றார். ரேடியோவில் முக்கால் நிமிடம் வெறும் குரல் ஓடினால் ஜனங்கள் ஸ்டேஷனை மாற்றிவிடுவார்கள் என்பது ரெக்கார்ட் கம்பெனிக்காரர்களின் பயம். ஃபாஸ்டருக்கே இந்த யோசனை பிடிக்கவில்லை. விட்னி பாடக் கேட்ட பிறகுதான் மனம் மாறினார். ஒரு நடிகர் சொன்னது சரியாகிவிட்டது.

ஸ்டூடியோவில் பாடியதா?

குரல் பதிவானது மயாமி பீச்சில் உள்ள ஃபவுண்டன்ப்ளூ ஹோட்டலின் நடன அரங்கில், படப்பிடிப்பின்போதே, விட்னியின் சொந்த மேடைக் குழு கூட வாசிக்க. முன்பே பதிவு செய்து வைத்துக்கொண்டு வாயசைப்பதுதான் சினிமா வழக்கம். நேரடியாகப் பாடியதால் ஆரம்ப வரிகளில் அவர் தன் இஷ்டத்துக்கு நின்று நிதானித்துப் போவது தெரியும். தாளம் யாரும் போடவில்லையே.

எவ்வளவு பெரிய ஹிட்?

1992 நவம்பரில், அமெரிக்காவின் முக்கியமான ஹிட் பட்டியலான பில்போர்டு ஹாட் 100இல் முதலிடத்துக்கு வந்து தொடர்ந்து 14 வாரம் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அது சாதனை. பிரிட்டனில் 10 வாரம். படத்தின் இசை ஆல்பம் உலகம் முழுவதும் நாலரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1994 கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ரெக்கார்ட் விருது இந்தப் பாட்டுக்கும், ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது படத்தின் ஆல்பத்துக்கும் போயின.

ஆஸ்கார் கிடைத்ததா என்று கேட்பார்கள். போட்டியிலேயே இல்லை. அந்தப் பிரிவு படத்துக்காகவே புதிதாக எழுதிய பாட்டுகளுக்கு மட்டும். இதே ஆல்பத்தின் ‘ஐ ஹேவ் நத்திங்’, ‘ரன் டு யூ’ என்ற வேறு இரண்டு பாட்டுகள்தான் பரிந்துரைக்கப்பட்டன.

கவர் பாட டாலியிடம் அனுமதி வாங்க வேண்டுமா? அவருக்கு எவ்வளவு வந்தது?

அமெரிக்கச் சட்டப்படி ஒரு பாட்டு ஒரு முறை ரெக்கார்டாக வெளிவந்துவிட்டால், அதை வேறு யார் வேண்டுமானாலும் பாடி ரெக்கார்ட் போடலாம். எழுதியவர் தடுக்க முடியாது. பதிலுக்குச் சட்டம் நிர்ணயித்த தொகையைப் பிரதிக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுத்தாக வேண்டும். 1909இல், தானே வாசிக்கும் பியானோக்களுக்கான துளையிட்ட காகிதச் சுருள்கள் சந்தையில் ஏகபோகம் வந்துவிடுமோ என்ற பயத்தில் கொண்டுவந்த ஏற்பாடு இது. பியானோச் சுருள் போய்விட்டது, சட்டம் நிற்கிறது. மெட்டின் அடிப்படையை மட்டும் மாற்றக் கூடாது. சினிமாவில் காட்சியோடு சேர்த்துப் போடுவதற்கு இந்தச் சலுகை கிடையாது, அதற்கு உரிமையாளரிடம் தனியாகக் கேட்டே ஆக வேண்டும். ‘பாடிகார்ட்’ அந்த வகை.

தொகை? டாலி முதலில் பாடிய 1974இல் பிரதிக்கு 2 சென்ட். 1909இல் வைத்த விகிதம் அப்படியே இருந்தது. விட்னி பாடிய 1992இல் 6.25 சென்ட். சில்லறைக் காசுதான். ஆனால் ஒரு கோடிப் பிரதி போனால் ஆறே கால் லட்சம் டாலர். தனிப் பாட்டாக விற்ற சிங்கிள், ஆல்பம் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

ரேடியோ இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் ரேடியோக்கள் பாட்டு எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும்தான் காசு தரும். பாடியவருக்குத் தராது. ஆக, 14 வாரம் நாடு முழுக்க விட்னியின் குரல் ஒலித்தபோது, ரேடியோ கணக்கில் ஒவ்வொரு முறையும் காசு போனது டாலிக்கு. விட்னிக்கு ரெக்கார்ட் விற்பனையில் வந்தது வேறு. பாடியவருக்கு இது நியாயமா என்றால், இல்லை என்பேன். அமெரிக்கப் பாடகர்கள் பல வருடமாக இதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பணத்தில் நாஷ்வில்லில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஒரு பகுதியில் அலுவலகக் கட்டட வளாகம் ஒன்றை வாங்கியதாகவும், விட்னிக்கு மரியாதையாக அதைச் செய்ததாகவும், அது விட்னி கட்டிய வீடு என்றும் டாலி 2021இல் ஒரு டிவி நிகழ்ச்சியில் சொன்னார்.

தன் பாட்டை விட்னி பிடுங்கிக்கொண்டதாக டாலிக்குக் கோபம் இல்லையா?

இருந்ததாகத் தெரியவில்லை. முதன்முதலில் கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் கேட்டாராம். வெறும் குரலில் ஆரம்பித்ததால் எதுவென்று பிடிபடவில்லை. பல்லவி வந்ததும் தன் பாட்டென்று புரிந்து, வண்டியை எங்காவது மோதிவிடப் போகிறேன் என்று ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டதாகச் சொல்வார்.

நானும் பாடி யூடியூபில் போடலாமா?

வீடியோ என்றால் மேலே சொன்ன சினிமா விதிதான். நடைமுறையில் யூடியூபே உரிமையாளர்களோடு ஒப்பந்தம் வைத்திருப்பதால், பெரும்பாலும் வீடியோவை எடுத்துவிடாமல் விளம்பரக் காசை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். இந்தியாவில் ஒலிப்பதிவாகக் கவர் வெளியிட, 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 31சி பிரிவு இருக்கிறது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். வீட்டில் பாடிப் பார்ப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

சரி, யார் பாடியது நன்றாக இருக்கிறது?

சண்டை மூட்டும் கேள்வி. விட்னி பாடும்போது பிரிகிறவள் ஜெயித்துவிட்டாள் என்று தோன்றும். டாலி பாடும்போது அவள் கதவருகே நின்று இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பது போல இருக்கும். பகலில் கேட்டால் எனக்கு விட்னி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டாலி. 1974 பதிவைக் கேட்டிராதவர்கள் ஹெட்ஃபோன் போட்டு, மூன்றாம் சரணத்தை அவர் பேசும் இடம்வரை பொறுமையாக இருந்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

விட்னி இறந்த பிறகு பாட்டு மறுபடி பட்டியலில் வந்ததா?

2012 பிப்ரவரி 11 அன்று, 48 வயதில் விட்னி இறந்தார். மறுநாள் கிராமி மேடையில் ஜெனிபர் ஹட்சன் இதையே பாடினார். இருபது வருடப் பழைய பாட்டு ஹாட் 100 பட்டியலில் மூன்றாம் இடம்வரை வந்தது. இறுதிச் சடங்கு, அவர் சின்ன வயதில் பாடிய அதே நியூ ஹோப் சர்ச்சில் நடந்தது. காஸ்ட்னர் பேசினார். சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது இந்தப் பதிவைத்தான் ஒலிக்கவிட்டார்கள்.

போர்ட்டர் வேகனர் என்ன ஆனார்?

யாருக்கும் ஞாபகம் வராத கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வி. பாட்டைக் கேட்டு அழுது வழியனுப்பி வைத்தவர், 1979இல் முப்பது லட்சம் டாலர் கேட்டு டாலி மேல் வழக்குப் போட்டார். உன்னை வளர்த்துவிட்டது நான், பங்கு கொடு என்பதுதான் சாரம். கோர்ட்டுக்கு வெளியே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச காலம் பேச்சு இல்லை, பிறகு மெல்லச் சமாதானமாயிற்று.

2007 மே மாதம், நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரியில், போர்ட்டர் அங்கே உறுப்பினராகி ஐம்பது ஆண்டு நிறைந்ததைக் கொண்டாடினார்கள். டாலி வந்து அவர் முன்னாலேயே இந்தப் பாட்டைப் பாடினார். போர்ட்டர் மறுபடியும் அழுதார். அதே வருடம் அக்டோபரில், 80 வயதில், இறந்துபோனார். கடைசி நாளில் டாலி அவர் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தார்.